ஆற்றங்கரைப் பூங்காவுக்கு விழா எடுப்பது, அதைக் காப்பாற்றுவது: சென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தெருப் பக்கத்துப் பூங்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று கூடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது பேனர் அடிப்பது. அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்கன்று, டீ-ஷர்ட், படம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கன்று காய்ந்திருக்கும், கரை ஓரத்தில் கட்டட இடிபாடு இரண்டு லாரி கொட்டிக் கிடக்கும். யாரிடம் சொல்வது என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. விழா கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஐந்தாவது, ஆறாவது வேலை. ஓர் இடத்துக்கு ஆபத்து வரும்போது அதைக் காப்பது, ‘இங்கே இது இருந்தது, இந்த எல்லை வரை இருந்தது’ என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடிய மனிதர்களின் எண்ணிக்கைதான். விழாவின் வேலை அந்தச் சாட்சிகளைப் பெருக்குவது. சாட்சி சொல்ல விஷயம் வேண்டும் அல்லவா? அதனால்தான் காகிதம் முதலில், கணக்கு இரண்டாவது, மனிதர்கள் மூன்றாவது, அனுமதி நான்காவது, விழா அதற்கப்புறம்.

கீழே உள்ளவை அடையாறு, கூவம் இரண்டின் கரைகளுக்கும் பொருந்தும். கோட்டூர்புரம் மரப் பூங்கா போன்ற கரையோர இடங்களானாலும் சரி, குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சின்ன மாநகராட்சிப் பூங்காவானாலும் சரி, வரிசை இதேதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கைந்து பேர் போதும். ஆனால் அதில் ஒருவராவது ஆற்றோரக் குடியிருப்பைச் சேர்ந்தவராகவும், ஒருவர் தினமும் காலையில் பூங்காவுக்கு வருபவராகவும் இருக்கட்டும். முன்னவருக்குக் கரை தெரியும், பின்னவருக்கு அங்கே வேலை செய்பவர்களைத் தெரியும். இரண்டும் தெரியாத குழு, எவ்வளவு படித்தவர்களாக இருந்தாலும், வெளியிலிருந்து வந்த குழுவாகவே நிற்கும்.

தையல்காரர் நாடா ஒன்று, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று, இருப்பிடம் பதிவாகும் வசதியை இயக்கிய கைப்பேசி ஒன்று. நல்ல ரப்பர் கையுறைகளும் மூடிய காலணிகளும் அவசியம். விழாவுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். தகவல் மனுவுக்கு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கொடுக்கும் மனுவுக்கு, பதில் வரவே ஒரு மாதம் ஆகும்.

1. பூங்கா யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

‘மாநகராட்சிப் பூங்கா’ என்று பலகை இருப்பதால் எல்லாம் மாநகராட்சியுடையது என்று நினைப்பதுதான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம். ஆற்றங்கரையில் பத்தடி நடந்தால் துறை மாறிவிடும். நடைபாதையும் ஊஞ்சலும் மாநகராட்சியின் பொறுப்பாக இருக்கும். கரையும் ஆற்றுப் படுகையும் நீர்வளத் துறையுடையது. கழிவுநீர் குழாய் வாய் குடிநீர் வாரியத்தைக் கேட்க வேண்டியது. நிலப் பதிவேடு வருவாய்த் துறையிடம். கடல் அலையேற்றம் எட்டும் முகத்துவாரப் பகுதி என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் இருக்கும் தொல்காப்பியப் பூங்காவோ, சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

எனவே முதலில் புல எண்ணை, அதாவது நிலத்தின் சர்வே எண்ணை, தேடுங்கள். மாநகரப் பகுதியில் நகர நில அளவைப் பதிவேட்டின் பிரதியும் புல வரைபடமும் வேண்டும். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பார்க்கலாம், வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்கலாம். பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘ஆறு’, ‘வாய்க்கால்’, ‘அரசுப் புறம்போக்கு’, ‘பூங்கா’ ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு வேறு.

குடியிருப்பு மனைப்பிரிவோடு சேர்ந்து வந்த பூங்கா என்றால், அது திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் இப்படி ஒதுக்க வேண்டும். பத்திரம் எழுதப்படாமலே பூங்காவாகப் பயன்படும் நிலங்கள் உண்டு. கை மாறும் ஆபத்து அதிகம் அவற்றுக்குத்தான்.

அடுத்து, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் உங்கள் புல எண் எந்த நிலப் பயன்பாட்டில் வருகிறது என்று பாருங்கள். ‘திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு’ என்று இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. தகவல் மனுவைச் சரியாக எழுதுங்கள்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். மனு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பாதி முடிந்தது.

1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம், உள்ளாட்சிகள் தங்கள் எல்லையிலுள்ள பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் வரைபடத்தோடு பட்டியலிட வேண்டும் என்கிறது. பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முடியாது. எனவே உங்கள் பூங்கா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

புதியவர்கள் எழுதும் மனு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘எங்கள் பகுதிப் பூங்காவுக்கு ஏன் இன்னும் வேலி போடவில்லை? குப்பை கொட்டுபவர்கள் மேல் ஏன் நடவடிக்கை இல்லை?’ இதற்கு, கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரி பதில் வரும். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். உதாரணமாக:

‘வார்டு எண் இன்னதில், புல எண் இன்னதில் அமைந்துள்ள பூங்கா தொடர்பாக: (அ) 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாரிக்கப்பட்ட பட்டியலில் இப்பூங்கா இடம்பெற்றுள்ள பக்கத்தின் நகல், (ஆ) பூங்காவின் எல்லை வரைபடத்தின் நகல், (இ) நடப்பு ஆண்டின் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், அதில் ஒப்பந்ததாரர் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலுடன், (ஈ) கடந்த மூன்று ஆண்டுகளில் இப்பூங்காவில் மரம் வெட்ட அளிக்கப்பட்ட அனுமதிகளின் நகல் – ஆகியவற்றைத் தருக.’

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், இணையவழியும் இருக்கிறது. 30 நாட்களில் பதில் வர வேண்டும். தவறான துறைக்கு எழுதிவிட்டாலும் கவலையில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி அவர்களே ஐந்து நாட்களுக்குள் உரிய துறைக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால், அந்த 30 நாள் முடிந்ததிலிருந்து அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. நாள்களை நோட்டில் குறித்து வையுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டம் ஆவண நகலை மட்டும் தரவில்லை. நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யும் உரிமையையும் தருகிறது. கரையில் தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள் என்றால் மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கக் கேட்கலாம்.

3. எல்லையை நடந்து பாருங்கள்

வரைபடம் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றி நடங்கள். வெயில் ஏறுவதற்கு முன், இருவர் இருவராக. அளவைக் கல் இருந்தால் படம் எடுங்கள். இல்லாவிட்டால், எங்கே இருக்க வேண்டியது இல்லை என்று குறியுங்கள். கல்லை நீங்களே நடவோ நகர்த்தவோ கூடாது. அது நில அளவையரின் வேலை.

ஐந்தாறு நிலைப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். வாசல், கரையின் இரண்டு முனை, கழிவுநீர் குழாய் வாய், பெரிய மரம் ஒன்று. ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் நின்று அதே திசையில் படம். தனிப்படம் ஒன்றும் சொல்லாது. பன்னிரண்டு படத்தை வரிசையாக வைத்தால் கரை எங்கே நகர்ந்தது என்பது யாருக்கும் விளங்கும்.

கவனிக்க வேண்டிய அறிகுறி இடிபாடு. ஆக்கிரமிப்பு நேராகக் கட்டடமாக வராது. முதலில் உடைந்த செங்கல்லும் டைல்ஸும் வரும். அதன் மேல் மண் நிரவுவார்கள். பிறகு ஒரு கொட்டகை, அல்லது வண்டி நிறுத்தம். மண் நிரவிய பிறகு ‘இது மேட்டு நிலம்’ என்று வாதம் பேசலாம். இடிபாடாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்கு ஒரு புகாரில் அள்ள வைத்துவிடலாம். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அந்த எண்தான் பின்னால் எழுதும் கடிதத்தின் முதல் வரி.

4. உயிர்களைக் கணக்கெடுங்கள்

மரங்களிலிருந்து தொடங்குங்கள். அவை நகராது, எண்ணலாம்.

சுற்றளவைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் எடுக்க வேண்டும். உயரத்தை ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்திலும் அந்தக் குச்சியை வைத்தே நாடாவைச் சுற்றுங்கள். கண்ணால் மட்டம் பார்த்தால் ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த ஆண்டு அளக்கும்போது மரம் இளைத்துப் போனதாகக் கணக்கு வரும். சாய்ந்த மரத்தில் தண்டுக்குச் செங்குத்தாக நாடா போக வேண்டும், தரைக்கு இணையாக அல்ல. நாலரை அடிக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளந்து ஒரே எண்ணின் கீழ் எழுதுங்கள். ஆலமரத்தில் விழுதுகளைச் சேர்த்துச் சுற்றாதீர்கள், தாய்த்தண்டு மட்டும்.

எண் போட ஆணி அடிக்க வேண்டாம். பட்டையில் பெயின்ட்டும் வேண்டாம். வரைபடத்தில் எண் இருந்தால் போதும்.

பெயரில் அவசரம் கூடாது. தூங்குமூஞ்சியைப் பார்த்து வாகை என்று எழுதிவிடுவார்கள். கொன்றை என்று எழுதியிருக்கும், போய்ப் பார்த்தால் மஞ்சள் பூப் பூக்கும் இயல்வாகை நிற்கும். இலை, பட்டை, பூ அல்லது காய் மூன்றையும் படமெடுத்து, தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். பூக்கும் பருவத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

பறவைக்குக் காலை ஆறிலிருந்து எட்டு மணி. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததும் கேட்டதும் பட்டியலாக. அடையாற்றுக் கரையில் குருட்டுக்கொக்கு, இராக்கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் பழகிய முகங்கள். குளிர்காலத்தில் உள்ளான்கள் வந்து சேரும். பட்டியலைப் பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் தேதியோடு பொதுப் பதிவாகிவிடும். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் பூங்காவையும் சேர்த்துவிடுங்கள்.

கரையோரச் சேற்றுப் பரப்பு ‘சும்மா கிடக்கும் இடம்’ இல்லை. உள்ளானும் பவளக்காலியும் இரை தேடுவது அங்கேதான். கோரையும் நாணலும் புதர் இல்லை, கரையைப் பிடித்து வைத்திருப்பவை. கணக்கெடுப்பிலேயே இவற்றைத் தனித் தலைப்பில் எழுதிவிட்டால், பின்னால் யாராவது ‘சுத்தம் செய்கிறோம்’ என்று பொக்லைனோடு வரும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

5. கரைக்காரர்களின் நினைவைச் சேகரியுங்கள்

மரபு என்றதும் கோயிலும் கோட்டையும் மட்டும் நினைவுக்கு வரும். ஆற்றங்கரையின் மரபு பெரும்பாலும் வேலையில் இருக்கிறது. துணி துவைத்த துறை, வலை வீசிய இடம், தறி ஓடிய தெரு, ஆற்றைக் கடந்த வழி.

கட்டப்பட்டவையும் உண்டு. 1726-இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். அதே இடத்தில்தான் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. முகத்துவாரத்தில் 1967-இல் கட்டி 1977-இல் வெள்ளம் கொண்டுபோன உடைந்த பாலம் இருக்கிறது. 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பும் இதே கரையில்தான். கூவத்தின் பக்கம் வந்தால், சிந்தாதிரிப்பேட்டை பதினெட்டாம் நூற்றாண்டில் நெசவாளர்களைக் குடியேற்றி உருவான ஊர். அதன் மே தினப் பூங்காவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் இதே நகரத்தின் கடற்கரையில் கொண்டாடினார் என்பது தெரியும்?

ஆனால் உங்கள் பூங்காவுக்கு மட்டும் உரிய விஷயம் புத்தகத்தில் கிடைக்காது. பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்க நல்ல தொடக்கம் வெள்ளம். ‘உங்கள் சின்ன வயதில் ஆறு எப்படி இருந்தது?’ என்றால் ‘நல்லா இருந்தது’ என்று முடித்துவிடுவார்கள். ‘76 வெள்ளத்தில் தண்ணி எதுவரை வந்தது? 85-இல்? 2015-இல்?’ என்று கேளுங்கள். ‘இந்தப் படிக்கட்டு வரைக்கும், அந்த மாமி வீட்டுத் திண்ணை முழுகிப் போச்சு’ என்று கை காட்டுவார்கள். கை காட்டிய இடத்தை அளந்து தேதியோடு எழுதுங்கள். வெள்ளக் குறி ஆற்றங்கரைப் பூங்காவின் மிக முக்கியமான மரபுச் சின்னம் என்பது என் உறுதியான எண்ணம். ஆறு கேட்கும் இடம் எவ்வளவு என்பதற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன. கரையை அதிகம் அறிந்தவர்கள் அவர்கள். பேருந்து ஏறிப் போய் அவர்களிடமும் கேளுங்கள், விழாவுக்கும் அழையுங்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதும் பூங்கா வரலாறு அரைகுறையாகவே இருக்கும். அதோடு, ‘பூங்கா என்றால் ஏழைகளை விரட்டுவது’ என்ற கசப்பும் அப்படியே நிற்கும்.

பதிவு செய்யும் முன் சம்மதம் கேளுங்கள். குரல் பதிவின் ஒரு பிரதியை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேட்டதை மூன்று கட்டமாகப் பிரித்து எழுதுங்கள்: ஆவணத்தில் இருப்பது, ஒருவரின் நினைவு, தல புராணம். மூன்றுக்கும் மதிப்பு உண்டு, கலக்கத்தான் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’யைப் பலகையில் எழுதிவிட்டு, ஒருவர் ஆதாரம் கேட்டால், மற்ற உண்மைகளும் சேர்ந்து மதிப்பிழக்கும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. சரிபார்க்க வழி இருக்கிறது.

6. தேதியைத் தேர்ந்தெடுங்கள்

ஆகஸ்ட் 22 சென்னை தினம். 2004 முதல் அதையொட்டி நகரம் முழுக்க நடைகளும் பேச்சுகளும் நடக்கின்றன. அதோடு சேர்ந்தால் கூட்டம் வரும். ஆடிப்பெருக்கும் அதற்குச் சில வாரம் முன்னால்தான். ஆற்றங்கரையில் கலந்த சாதம் சாப்பிடும் வழக்கத்தை நம் ஊர் ஆறுகளில் மீட்கும் ஆசை இருப்பவர்கள், அந்த நாளில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து பூங்காவுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

என்னைக் கேட்டால் பொங்கலுக்கு அடுத்த வாரங்கள் இன்னும் நல்லவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் வந்திருக்காது, வலசைப் பறவைகள் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். ஒரே இரவில் கரை மூழ்கும் பருவம் அது.

7. அனுமதி

சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டல அலுவலருக்குக் கடிதம், பிரதி கவுன்சிலருக்கும் உள்ளூர் காவல் நிலையத்துக்கும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கரைப் பகுதியில் நடக்கப் போகிறீர்கள் என்றால் நீர்வளத் துறைக்கும் ஒன்று.

கடிதத்தில் என்ன செய்வோம் என்பதைவிட என்ன செய்ய மாட்டோம் என்பது முக்கியம்: மேடை இல்லை, சமையல் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, பூங்காவை மூட மாட்டோம். அதிகாரியின் தயக்கம் எல்லாம் இவற்றில்தான். நூறு பேருக்கு மேல் வருவார்கள் என்றால், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு.

கவுன்சிலரை நேரில் போய்ப் பாருங்கள். ‘மேடையில் பேச வாருங்கள்’ என்று அழைக்காமல் ‘எல்லையை எங்களோடு நடந்து பாருங்கள்’ என்று அழையுங்கள். சிறப்பு விருந்தினருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்து குழந்தைகள் வாடிப்போகும் விழாக்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

8. கரையைச் சுத்தம் செய்வது: விழாவுக்கு ஒரு வாரம் முன்

விழா நாளில் செய்யாதீர்கள். ஆற்றோரக் குப்பையில் உடைந்த கண்ணாடி இருக்கும், ஊசி இருக்கும், கழிவுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். குழந்தைகள் கலந்துகொள்ளும் நாளில் அது வேண்டாம். காலில் கையில் புண் இருப்பவர்கள் ஒதுங்கி நின்று எடை போடும் வேலையைப் பார்க்கட்டும். தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் தேநீர் டம்ளரைத் தொட வேண்டாம்.

மூட்டை எடுக்கும் வண்டி உறுதியான பிறகுதான் முதல் மூட்டையைக் கட்டுங்கள். கட்டிய மூட்டையைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவதும், அடுத்த மழையில் அது மொத்தமாக ஆற்றுக்குள் போவதும் அடிக்கடி நடக்கிறது.

ஆர்வத்தில் கோரையையும் செடிகளையும் பிடுங்கிவிடுவார்கள். அதனால் வேலை தொடங்கும் முன், எதை எடுக்கலாம் என்று ஒரு மாதிரியைக் காட்டுங்கள்: பிளாஸ்டிக், துணி, தெர்மகோல், கண்ணாடி. பச்சையாக இருக்கும் எதையும் தொடக் கூடாது. சீமைக்கருவேலை எடுக்க வேண்டும் என்றால்கூட அது அனுமதியோடு செய்யும் தனி வேலை. வேரோடு எடுக்கும்போது கரை சரியும்.

9. விழா நாள்

காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடியுங்கள்.

முதலில் பறவை நடை, அமைதி தேவைப்படுவது அதற்குத்தான். அப்புறம் மர நடை. ஒவ்வொரு மரத்தடியிலும் பேசுவதற்கு நீங்கள் அளந்த கணக்கு இருக்கிறது. வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாடாவைக் கொடுத்து அளக்கவிடுங்கள். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நாடாவின் முனையை மறுபக்கம் தேடி எடுத்த பிள்ளைக்கு அந்த மரம் மறக்காது.

மூன்றாவது எல்லை நடை. வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தரையில் விரித்து, அளவைக் கல், வெள்ளக் குறி, குழாய் வாய் மூன்றையும் காட்டுங்கள். விழாவின் மையம் இதுதான். கூட்டம் குறைவாக இருந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகப் பெரியவர்கள் பேசட்டும். நாற்காலி அவர்களுக்கு, மற்றவர்கள் தரையில். கையில் பிடிக்கும் மைக் ஒன்று போதும். பறையோ கானாவோ இருந்தால் வாசல் பக்கம் வையுங்கள். கரைப் பக்கம் கூடு கட்டும் பறவைகள் இருக்கும். மரத்தில் சீரியல் விளக்கு, பலூன், காகிதத் தூள் வேண்டாம். வாசலில் அரிசி மாவுக் கோலம் போடுங்கள், எறும்புக்கும் ஆகும்.

சுண்டலைத் தொன்னையில் கொடுங்கள். நீர்மோருக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளர்களைச் சேர்த்து, கழுவ ஒரு வாளியும் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. பூங்கா விழாவில் அது கண்ணில் பட்டால், மற்றதெல்லாம் பேச்சாகப் போய்விடும்.

பூங்காவைப் பராமரிக்கும் தொழிலாளர்களைப் பெயர் சொல்லி அழைத்து முன்னால் உட்கார வையுங்கள். தினமும் கேட்டைத் திறப்பவர்கள் அவர்கள். இரவில் இடிபாடு கொட்ட லாரி வந்தால் முதலில் பார்ப்பவர்களும் அவர்களே.

வருகைப் பதிவேடு ஒன்று வையுங்கள். பெயர், தெரு, எத்தனை ஆண்டாக இந்தப் பூங்காவைத் தெரியும். இந்த மூன்றாவது விவரம் பின்னால் மனுக்களில் மிகவும் உதவும்.

10. மரம் நடுவது

நடத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். பல பூங்காக்களில் இருக்கும் மரத்தின் அடியில் பூசிய சிமென்ட்டை உடைத்து மண்ணைத் திறப்பது புதுக் கன்றைவிடப் பயன் தரும்.

நடுவதென்றால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். விழா ஜனவரியில் என்றால் அன்று நட வேண்டாம். அடுத்து வருவது வெயில். கரையோரத்துக்கு நீர்மருது, புங்கை, நாவல், பூவரசு. தண்ணீர் சில நாள் நின்றாலும் இவை தாங்கும். சற்று உள்ளே புன்னை, மகிழம், இலுப்பை. 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் ஏராளமாகச் சாய்ந்தவை குல்மோகர், இயல்வாகை போன்ற வெளிநாட்டு மரங்கள் என்பதை நினைவில் வையுங்கள். சேற்றுப் பரப்பிலும் கோரைக்குள்ளும் எதையும் நடாதீர்கள்.

ஒவ்வொரு கன்றுக்கும் மார்ச் முதல் ஜூன் வரை யார் தண்ணீர் ஊற்றுவார் என்று எழுதிய பிறகே குழி தோண்டுங்கள். பெயர் எழுத முடியாத கன்றை நாற்றங்காலிலேயே விட்டுவிடலாம்.

11. விழா முடிந்த ஒரு வாரத்துக்குள்

மண்டல அலுவலருக்கு இரண்டாவது கடிதம். நன்றி ஒரு வரி, அப்புறம் எல்லை நடையில் பார்த்தவை எண் போட்டு: விடுபட்ட அளவைக் கல், இடிபாடு கிடக்கும் இடம், எரியாத விளக்கு, ஆணி அடித்த மரங்கள். ஒவ்வொன்றுக்கும் படமும் இடக் குறியும். ஒரே கடிதத்தில் ஐந்துக்கு மேல் கேட்காதீர்கள். பதினைந்து கேட்டால் எளிதான ஒன்றைச் செய்துவிட்டு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று முடித்துவிடுவார்கள்.

உங்கள் வார்டின் பகுதி சபை (குடியிருப்போர் கூடிப் பேசும் கூட்டம்) எப்போது கூடுகிறது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு, அதில் பூங்காவின் எல்லையை அளந்து கல் நட வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தின் பதிவில் அது ஏறியதா என்று அடுத்த வாரமே பாருங்கள்.

மரம் வெட்டப்போவதாகத் தெரிந்தால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அப்போது உங்கள் கையில் எண், சுற்றளவு, படம் எல்லாம் இருக்கும். ‘பட்ட மரம்’ என்று சொன்னால் போன மாதத் துளிரின் படத்தைக் காட்டலாம்.

கோப்பை ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். அவர் வீடு மாறினால் பூங்காவின் நினைவும் மாறிப் போய்விடும். நில ஆவணம், மரக் கணக்கு, வெள்ளக் குறிகள், கடிதப் பிரதிகள் சேர்ந்த முழுத் தொகுப்பு மூன்று பேரிடம் இருக்கட்டும். ஒரு பிரதியைப் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ கிளை நூலகத்திலோ கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பருவமழை முடிந்து கரை காய்ந்ததும், அதே குச்சியையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்கலாம். இந்தமுறை அளவைக் கல்லையும் வெள்ளக் குறிகளையும் முதலில் பாருங்கள்.